டி.ஏ.பி. மூட்டையைப் பிரிக்கும் முன்

எங்கள் வைனரிக் கிடங்கில் ஈஸ்ட் பாக்கெட் வைக்கும் அலமாரிக்குக் கீழே டி.ஏ.பி. மூட்டைகள் இருக்கும். போனில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும் அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கம்பம் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழேயே பாதி வயதைக் கழித்தவர். டி.ஏ.பி. என்றால் அவருக்குச் சொசைட்டியில் வரிசையில் நின்று வாங்குவது.

"கொடிக்குப் போட்டது பத்தாதுன்னு சாறுக்கு வேறயா? எம்புட்டுப் போடுவீக?"

"ஆயிரம் லிட்டருக்குக் கால் கிலோவுக்குள்ளதான்ப்பா."

"அப்ப அது உரமில்லம்மா, துன்னூறு."

அந்தத் துன்னூற்றை எப்போது போடுவது, எவ்வளவு போடுவது என்று எங்கள் லேபில் நடக்கிற வாக்குவாதம் கொஞ்சநஞ்சம் இல்லை. உணவுத் தரத்தில் வருகிற சரக்கு என்பதைத் தவிர, வயலுக்குப் போகிற அதே டை அம்மோனியம் பாஸ்பேட்தான். நான் இருப்பது நாசிக் மாவட்டத்தில். ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை அறுவடை. அந்த மாதங்களில் வைன்மேக்கர் காலையில் கேட்கிற முதல் கேள்வி, "எந்த டேங்குக்கு எவ்வளவு நைட்ரஜன்?" பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்.

சாற்றில் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை. 22 பிரிக்ஸில் (சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகு) வந்து இறங்கும் செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையில் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கும். ஆனால் அத்தனையையும் தின்று தீர்க்க, ஈஸ்ட் முதலில் பெருக வேண்டும். மில்லிலிட்டருக்குச் சில பத்து லட்சம் செல்கள் என்று உள்ளே போனது பத்துக் கோடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். புதுச் செல் என்றால் புதுப் புரதம், புது டி.என்.ஏ. இரண்டுக்கும் நைட்ரஜன் வேண்டும். காற்றில் இருக்கும் நைட்ரஜனால் ஈஸ்ட்டுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. சாற்றில் கரைந்திருக்கும் அம்மோனியமும் அமினோ அமிலங்களும்தான் கதி. அதுவும் கிராம் கணக்கில் இல்லை, மில்லிகிராம் கணக்கில். ஈஸ்ட்டுக்குப் பயன்படக்கூடிய நைட்ரஜன் லிட்டருக்கு 140 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நொதித்தல் நடுவழியில் படுத்துக்கொள்ளலாம் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கைக்கணக்காக வைத்திருக்கும் எண்.

அதை அளக்க நான் செய்வது ஃபார்மால் டைட்ரேஷன். பழைய முறை. மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு பி.எச். மீட்டரும் பியூரெட்டும் போதும். 10 மில்லி சாற்றைப் பீக்கரில் எடுத்து, காந்தக் குச்சியைச் சுழலவிட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.எச்.சை 8.1க்குக் கொண்டுவர வேண்டும். சாறு இந்த இடத்தில் வெளிர் பச்சையிலிருந்து டீத்தண்ணி நிறத்துக்கு மாறிவிடும். இன்னொரு பீக்கரில் ஃபார்மலினையும், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைசலையும், 8.1க்கு ஏற்றித் தயாராக வைத்திருப்பேன். அதில் 2 மில்லியை ஊற்றியதும், இரண்டும் ஒரே 8.1ஆக இருந்தும் மீட்டர் விறுவிறுவென்று கீழே இறங்கும். ஃபார்மால்டிஹைடு அமினோ தொகுதியைப் பிடித்துக்கொள்ள, அது தன்னிடம் இருந்த புரோட்டானை விட்டுவிடுகிறது. அதுதான் அந்தச் சரிவு. மறுபடி 8.1க்கு ஏற்ற எவ்வளவு காரம் செலவானதோ, அதுதான் விடை. 0.1 நார்மல் காரம் 1 மில்லி இறங்கினால் லிட்டருக்கு 140 மில்லிகிராம் நைட்ரஜன். ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும், புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் இல்லாமல் செய்யவே கூடாது.

இந்த முறையில் புரோலின் சரியாகப் பிடிபடாது. அதன் நைட்ரஜன் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் மற்ற அமினோ அமிலங்கள் போல ஃபார்மால்டிஹைடுக்கு வளைந்துகொடுப்பதில்லை. திராட்சையில் அதிகமாக இருக்கிற அமினோ அமிலங்கள் இரண்டு, ஆர்ஜினினும் புரோலினும். அதில் ஒன்றைக் கோட்டைவிடுகிற சோதனையை நம்பி எப்படி டேங்க் ஓட்டுவது என்று, புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். கவலையில்லை. மூடிய டேங்குக்குள் ஈஸ்ட்டாலும் புரோலினைத் தொட முடியாது. புரோலினை உடைக்கும் முதல் என்சைம் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் உட்கார்ந்திருக்கிறது. அது பிடுங்கும் எலக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜனிடம்தான் ஒப்படைக்க முடியும். டேங்கில் ஆக்சிஜன் ஏது? அதனால் புரோலின் பெரும்பாலும் வந்தபடியே வைனில் தங்கிவிடும். சோதனைக்குத் தெரியாததும் ஈஸ்ட்டுக்குக் கிடைக்காததும் ஒன்றாகவே அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மற்ற அமினோ அமிலங்களிலும் ஈஸ்ட் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. 1964ல் ஜோன்ஸ், பியர்ஸ் என்ற இருவர் பீர் தயாரிக்கும் மால்ட் சாற்றில் எந்த அமினோ அமிலம் எந்த வேகத்தில் மறைகிறது என்று பார்த்து, நான்கு குழுவாகப் பிரித்தார்கள். குளுட்டமின், அஸ்பராஜின், லைசீன் போன்றவை முதலில் காலி. லியூசின், வாலின் வகையறா நடுவில். ஃபினைல் அலனின் போன்றவை தாமதமாக. நான்காவது குழுவில் புரோலின் ஒன்றே ஒன்று. திராட்சையில் வரிசை கொஞ்சம் முன்னே பின்னே மாறும், ஆனால் சங்கதி அதேதான்.

இதற்குப் பின்னால் இருக்கிற ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடித்த பாடம். நல்ல நைட்ரஜன், அதாவது குளுட்டமினோ அம்மோனியமோ, வெளியே கிடைக்கிற வரைக்கும் யூர்-2 என்ற புரதம், ஜி.எல்.என்-3 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து உட்கருவுக்கு வெளியிலேயே நிறுத்திவைக்கும். நல்லது தீர்ந்ததும் பிடி தளரும். ஜி.எல்.என்-3 உட்கருவுக்குள் போய், மட்டமான நைட்ரஜனை உள்ளே இழுக்கவும் உடைக்கவும் தேவையான ஜீன்களை முடுக்கிவிடும். எல்லா அமினோ அமிலத்தையும் உள்ளே விடக்கூடிய கேப்-1 என்ற வாயிற்புரதம் அப்போதுதான் செல்லின் சவ்வில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் யாராவது வெளியே அம்மோனியத்தைக் கொட்டினால், கேப்-1 சவ்விலிருந்து உருவி எடுக்கப்பட்டு, செல்லின் குப்பைக்கிடங்கான வாக்குவோலுக்குப் போய்ச் சிதைந்துவிடும். புது வரவைச் செல் உடனே உணர்ந்துகொள்கிறது. கொட்டுகிற ஆள்தான் உணர்வதில்லை.

உள்ளே போன அமினோ அமிலத்தில் கொஞ்சம் அப்படியே புரதத்தில் சேர்ந்துகொள்ளும். மீதியிலிருந்து நைட்ரஜனைக் கழற்ற வேண்டும். டிரான்ஸ்அமினேஸ் என்ற என்சைம் அமினோ தொகுதியை எடுத்து ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டுக்குக் கைமாற்றிவிடும், குளுட்டமேட் பிறக்கும். செல்லுக்குள் நைட்ரஜனின் நாணயம் குளுட்டமேட்தான். ஈஸ்ட் தன் உடம்பில் சேர்க்கிற நைட்ரஜனில் ஏறக்குறைய 85 சதவீதம் குளுட்டமேட் வழியாகவும், மீதி குளுட்டமின் வழியாகவும் போகிறது.

வேண்டியது கிடைத்தாயிற்று. நைட்ரஜன் போன பிறகு மிஞ்சுகிற கீட்டோ அமிலத்தை என்ன செய்வது? லியூசின், ஐசோலியூசின், வாலின், ஃபினைல் அலனின், மெத்தியோனின் இவற்றின் மிச்சத்தைச் சாக்கரோமைசிஸால், அதாவது வைன் ஈஸ்ட்டால், எரித்துச் சக்தியாக்கத் தெரியாது. அதனால் ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி ஆல்டிஹைடாக்கி, ஹைட்ரஜன் ஏற்றி ஆல்கஹாலாக்கி, வெளியே தள்ளிவிடுகிறது. நொதித்தலின்போது செல்லில் ஹைட்ரஜனைச் சுமக்கும் என்.ஏ.டி.எச். தேங்கி நிற்பதால் அதைச் செலவழிக்கவும் இது ஒரு வழி. காற்றோட்டம் நன்றாக இருந்தால் அதே ஆல்டிஹைடு ஆல்கஹாலுக்குப் பதிலாக அமிலமாகப் போகும்.

இந்தப் பாதைக்கு எர்லிக் பாதை என்று பெயர். ஃபீலிக்ஸ் எர்லிக் ஜெர்மன் வேதியியலாளர். சாராயம் காய்ச்சுபவர்களுக்கு, இப்படி வெளியே தள்ளப்பட்ட ஆல்கஹால்கள் கலந்த ஃபியூசல் எண்ணெய் அப்போது பெரிய தலைவலி. வடிக்கும்போது எத்தனாலோடு கூடவே வந்து, நெடியடித்து, சரக்கின் மதிப்பைக் கெடுக்கும். எர்லிக் 1904ல் சர்க்கரைக் கிழங்கின் கழிவுப்பாகிலிருந்து ஐசோலியூசினைப் பிரித்தெடுத்தவர். அதன் கட்டமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஃபியூசல் எண்ணெயில் இருக்கும் அமைல் ஆல்கஹாலைப் பார்த்தால், இரண்டுக்கும் உறவு கண்ணில் அடிக்கிறது. நைட்ரஜனும் ஒரு கார்பனும் போனால் இது அது. லியூசினை நொதிக்கும் பாகில் சேர்த்தார், அமைல் ஆல்கஹால் கூடியது. அம்மோனியம் உப்பைச் சேர்த்தார், ஃபியூசல் குறைந்தது. 1907ல் இதை எழுதினார். 1911ல் நியூபாவரும் ஃப்ரோம்ஹெர்ட்ஸும் நடுவில் கீட்டோ அமிலம் வருவதைச் சொல்லிப் பாதையைச் செப்பனிட்டார்கள்.

கிட்டத்தட்ட 120 வருஷத்துக்கு முன்னாலேயே, அம்மோனியம் சேர்த்தால் இந்தப் பாதை சுருங்கும் என்று சொல்லியாயிற்று. எங்கள் லேப் வாக்குவாதம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

தள்ளிவிடுகிற பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசம். லியூசினிலிருந்து வரும் ஐசோஅமைல் ஆல்கஹாலைத் தனியாக மோந்தால் தலை கிறுகிறுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் நெடிக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் அதோடு ஈஸ்ட் ஒரு அசெட்டேட்டைச் சேர்த்துவிட்டால் அப்படியே வாழைப்பழம். குளிர வைத்து நொதித்த செனினில் முதல் வாரங்களில் வருகிற பழவாசத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஃபினைல் அலனின் தருவது ஃபினைல் எத்தனால், ரோஜா. மெத்தியோனின் தருவது வெந்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும். அதை யாரும் பாட்டில் லேபிலில் போடுவதில்லை.

இங்கே ஒன்று. பன்னீர் திராட்சையில் வருகிற பன்னீர் வாசம் ஈஸ்ட்டின் கைவேலை இல்லை. அது மஸ்கட் ஹாம்பர்க் வகை. தோலிலேயே ஜெரானியால், லினலூல் போன்ற டெர்பீன் வகை மணப்பொருள்கள் இருக்கின்றன. ஈஸ்ட் போட்டாலும் போடாவிட்டாலும் மணக்கும். அப்பாவிடம் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன், இல்லையென்றால் அவர் பழத்தின் பெருமையை ஈஸ்ட்டுக்குத் தாரை வார்த்துவிட்டேன் என்பார்.

எர்லிக் கதையைப் பாடப்புத்தகம் சொல்வதுபோல முழுசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வைனில் இருக்கும் ஃபியூசல் ஆல்கஹால்களின் கார்பனில் பெரும்பகுதி சாற்றில் இருந்த அமினோ அமிலங்களிலிருந்து வந்ததல்ல, சர்க்கரையிலிருந்து வந்தது. ஈஸ்ட் தானே லியூசினும் வாலினும் தயாரிக்கும்போது சர்க்கரையிலிருந்து அதே கீட்டோ அமிலங்களைத்தான் கட்டுகிறது. அமினோ தொகுதி மாட்ட நைட்ரஜன் போதாவிட்டால் கட்டிய கீட்டோ அமிலம் அப்படியே ஆல்கஹாலாக வழிந்துவிடும். ஆக, உடைப்பதிலும் வருகிறது, கட்டுவதிலும் வருகிறது. சாற்றில் நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஃபியூசல் முதலில் ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்குவது இதனால்தான். ஒரு நேர்கோட்டை எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே குழம்பிப்போகிறார்கள்.

இப்போது வாக்குவாதத்துக்கு வருகிறேன். முன்பு எங்களிடம் இருந்த ஒரு வைன்மேக்கர் ஈஸ்ட் போட்ட அன்றே டி.ஏ.பி.யையும் மொத்தமாகப் போடச் சொல்வார். காரணம் கேட்டால், "அழுகின முட்டை நாத்தம் வராம இருக்கும்." பாதி சரி. நைட்ரஜன் குறைந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும் என்பது உண்மைதான். ஈஸ்ட் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றி, அதைப் பிடித்து மெத்தியோனினாக்கும். பிடித்துக்கொள்ளத் தேவையான அசெட்டைல் ஹோமோசெரினைச் செய்ய நைட்ரஜன் வேண்டும். அது இல்லாதபோது சல்ஃபைடு பிடிபடாமல் வெளியேறுகிறது. டேங்க் மூடியைத் திறக்கிற ஆள் முகத்தைச் சுளிக்கிறார்.

ஆனால் முதல் நாளே அம்மோனியத்தைக் குவித்தால் என்ன ஆகும்? யூர்-2 பிடியை விடாது. கேப்-1 வராது. சாற்றில் கொடி சேர்த்துவைத்த அமினோ அமிலங்கள் காத்துக்கிடக்கும். ஈஸ்ட் தடபுடலாகப் பெருகும், டேங்க் சூடேறும், குளிரூட்டி திணறும். சாவிக்னான் பிளாங்கில் இதன் விலை இன்னும் வெளிப்படை. அந்தத் திராட்சையின் கொய்யா வாசம் சாற்றில் சிஸ்டைனோடு கட்டுண்ட நிலையில், மணமே இல்லாமல் இருக்கிறது. அதை உள்ளே எடுத்துப்போவதில் கேப்-1க்குப் பங்கு உண்டு. உள்ளே அதை அறுத்துவிடும் என்சைமும் ஜி.எல்.என்-3 கட்டளைக்குக் காத்திருக்கிற கூட்டம்தான். அம்மோனியத்தைக் குவித்துவிட்டு, கொய்யா வரவில்லை என்று தோட்டக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. அப்பா மகள் என்பதால் நான் இதில் கொஞ்சம் கட்சி சார்ந்தவள்தான்.

சரி, கடைசியில் போடலாமா என்றால் அதுவும் ஆகாது. எத்தனால் ஏற ஏற செல்லின் சவ்வு வழியே புரோட்டான் உள்ளே கசியத் தொடங்கும். அமினோ அமிலத்தை உள்ளே இழுக்கும் வாயில்கள் ஒரு புரோட்டானைக் கூட்டிக்கொண்டுதான் அதை எடுத்து வருகின்றன. ஏற்கெனவே உள்ளே நிறைந்து வழிகிற புரோட்டானை வெளியேற்றுவதே பெரும்பாடாக இருக்கும்போது, செல் அந்த வாயில்களை மூடிவிடும். அப்போது போட்டது மிஞ்சும். மிஞ்சியது பிரட்டானோமைசிஸ் போன்ற கெடுக்கும் ஈஸ்ட்டுகளுக்கு விருந்து.

ஆகவே ஆரம்பத்தில் ஈஸ்ட் செல்களிலிருந்து எடுத்த சாறு மாதிரியான அமினோ அமிலச் சத்து கொஞ்சம், சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்த பிறகு தேவைப்பட்டால் மட்டும் டி.ஏ.பி. இதுதான் இப்போதைய ஏற்பாடு. 100 மில்லிகிராம் டி.ஏ.பி. போட்டால் கிடைக்கும் நைட்ரஜன் 21 மில்லிகிராம். கணக்கை அங்கிருந்து தொடங்கினால் கை தானாகவே சுருங்கும்.

டி.ஏ.பி.யோடு நிற்கவில்லை, டேங்குக்குள் யூரியாவும் உண்டு என்று சொன்னபோது அப்பா ஒரு நிமிஷம் பேச்சில்லாமல் இருந்தார். நாங்கள் போடுவதில்லை, ஈஸ்ட்டே செய்கிறது. ஆர்ஜினினில் நான்கு நைட்ரஜன். ஆர்ஜினேஸ் என்ற என்சைம் அதை வெட்டினால் ஒரு பக்கம் ஆர்னிதின், இன்னொரு பக்கம் யூரியா. ஆர்னிதினில் ஒரு நைட்ரஜன் குளுட்டமேட்டுக்குப் போகும். இன்னொன்று புரோலினில் போய் மாட்டிக்கொள்ளும். யூரியாவில் இருக்கும் இரண்டையும் எடுக்க, நம் மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களைப் போல யூரியேஸ் என்ற என்சைம் ஈஸ்ட்டுக்கு இல்லை. பயோட்டினும் ஏ.டி.பி.யும் செலவழித்து வேறொரு என்சைம் அந்த வேலையைச் செய்கிறது. அந்த என்சைமும் மட்டமான நைட்ரஜனுக்கான பட்டியலில்தான் வருகிறது. வெளியே அம்மோனியம் தாராளமாக இருந்தால் அது உருவாகாது. செல் யூரியாவை அப்படியே வெளியே தள்ளிவிடும்.

வெளியே எத்தனால் இருக்கிறது. யூரியாவும் எத்தனாலும் மெல்ல மெல்ல வினைபுரிந்து ஈத்தைல் கார்பமேட் ஆகும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படுகிற பொருள். கனடா 1985லேயே சாதாரண வைனுக்கு 30 பிபிபி (நூறு கோடியில் 30 பங்கு) என்று வரம்பு வைத்தது. சூடு பட்டால் இந்த வினை வேகம் பிடிக்கும். மே மாதம் கூரை தகிக்கிற குடோனில் பெட்டி பெட்டியாக வைன் நிற்பதைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது சுவை பற்றிய கவலை மட்டுமல்ல.

கொடிக்கு நைட்ரஜன் உரம் அதிகமாகப் போட்டால் பழத்தில் ஆர்ஜினின் கூடும். "அப்ப நாங்க இங்க அள்ளிப் போடுறது அங்க யூரியாவா வருதாக்கும்" என்றார் அப்பா. அவர் போடுகிற பழம் பழமாகவே விற்றுவிடுகிறது, பிரச்சினை இல்லை. ஆனால் கணக்கு சரி.

எல்லா ஈஸ்ட்டும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். லேபில் நான் அடிக்கடி ஊற்றுவது லைசீன் அகார் தட்டு, நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த்தட்டு. அதில் நைட்ரஜன் என்று இருப்பது லைசீன் மட்டுமே. வேடிக்கை என்னவென்றால், மால்ட் சாற்றில் முதல் ஆளாகப் பாய்ந்து எடுக்கிற லைசீனைச் சாக்கரோமைசிஸ் செரிவிசியேயால் உடைக்க முடியாது. அப்படியே புரதத்தில் கோக்கலாம், நைட்ரஜனைக் கழற்றி வேறெதற்கும் பயன்படுத்த அதனிடம் வழியில்லை. லைசீன் மட்டும் கொடுத்தால் பட்டினிதான். தோட்டத்திலிருந்து தோலோடு ஒட்டி வருகிற காட்டு ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கு அந்த வழி உண்டு. பீர்த் தொழிலில் 1950களிலிருந்தே இதை வைத்துக் காட்டு ஈஸ்ட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

செல்களை நன்றாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கூடவே வந்த சாற்றின் நைட்ரஜனில் எல்லாமே கொஞ்சம் முளைத்துக் குழப்பும். கழுவிப் பரப்பி 25 டிகிரியில் வைத்தால், பாக்கெட் ஈஸ்ட் தட்டு துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அன்று பிழிந்த சாற்றின் தட்டில் வெளிர் கிரீம் நிறத்தில் புள்ளிபுள்ளியாகக் காலனிகள். ஒன்றை ஊசி முனையில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், இரு முனையும் கூராக, எலுமிச்சை வடிவில் ஹான்செனியாஸ்போரா.

தெளிவதற்காகச் சாற்றைக் குளிரில் நிறுத்திவைத்திருக்கிற நேரத்தில் இதுகள் சும்மா இருப்பதில்லை. நாம் ஈஸ்ட் போடும் முன்பே அம்மோனியத்தையும் நல்ல அமினோ அமிலங்களையும் தயமின் என்ற வைட்டமினையும் ஒரு கை பார்த்துவிடும். லாரியிலிருந்து இறங்கியபோது எடுத்த அளவை வைத்து, இரண்டு நாள் கழித்து ஈஸ்ட் போடுகிற டேங்குக்குச் சத்து கணக்குப் போடுவது அதனால்தான் எனக்கு ஒத்துவருவதில்லை. தட்டில் காலனி நெருக்கமாக இருந்தால் ஃபார்மாலை ஈஸ்ட் போடுகிற காலையில் இன்னொரு முறை செய்கிறேன், அந்த எண்ணைத்தான் பலகையில் எழுதுகிறேன்.